கொல்லைக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

ஆடி பிறந்துவிட்டது. மணமேல்குடியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் மண்ணாவது வைத்திருக்கிறவர்களைக் கேட்கிறேன்: இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? இந்த மாதம் குழி எடுத்து விதை போட்டால் புரட்டாசியில் வெண்டையும் கொத்தவரையும் பறிக்கலாம். ஐப்பசி அடைமழை வருவதற்குள் செடி வேர் பிடித்து நிமிர்ந்துவிடும். இதை விட்டால் அடுத்த நல்ல பட்டம் தையில்தான். அதுவரை எங்கோ மேற்கே விளைந்து, லாரியில் குலுங்கி வாடி வந்த காயைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, "இப்போ வர்ற காயில ருசியே இல்ல" என்று புலம்ப வேண்டியதுதான்.

நம் தெருக்களில் நடப்பதைப் பார்க்கிறேன். கத்தாரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வருகிறது, நல்லது. ஓட்டு வீடு மாடி வீடாகிறது, அதுவும் நல்லது. வேலை முடிகிற சமயத்தில் மேஸ்திரி கேட்கிறார்: "அண்ணே, கொல்லையையும் அப்படியே தளம் போட்டுடலாமா?" சகதி இருக்காது, பூச்சி பொட்டு வராது, பெருக்கச் சுலபம். ஒரே நாளில் ஜல்லி கொட்டி மூடிவிடுகிறோம். தாத்தா வைத்த முருங்கை, தொட்டி ஓரத்து வாழை, அப்பத்தா கிள்ளிய கறிவேப்பிலை எல்லாம் அந்த ஒரு நாளில் போய்விடும். மறுநாள் காலை கறிவேப்பிலைக்குக் கடைக்கு ஆள் அனுப்புகிறோம். இதைத்தான் செய்யாதீர்கள் என்கிறேன். என் இடம், என் பணம், கேட்க நீ யார் என்பீர்கள். இடமும் பணமும் உங்களுடையவை. அடியில் இருக்கிற தண்ணீர் அப்படி அல்ல.

கடலை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை உப்பை அது தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரைப் படித்தவர்கள் போடும் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து 40 அடி உப்பு ஏறி வரும். மழை இறங்குகிற மண்ணை மூடிவிட்டு, போதாக்குறைக்கு இன்னும் ஆழமாகப் போர் போட்டு உறிஞ்சுகிறவர் தன் தண்ணீரை மட்டுமா கெடுக்கிறார்? பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்துதான் கரிக்கும். 500 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 460 லிட்டர் தண்ணீர் விழுகிறது. வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு வேண்டும் என்று 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அது சுவரோடு ஒட்டிய ஒரு குழாயாக நின்றுபோனது. அந்தக் குழாயின் வாயைக் கொல்லைப் பக்கம் திருப்பி, ஒரு குழியில் விடுங்கள். குழியைச் சுற்றி வாழை வையுங்கள்.

ஆற்றுப் பாசனத்தை நம்பி நாம் உட்கார முடியாது. மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய் தஞ்சாவூரைத் தாண்டி, நாகுடிப் பக்கம் நுழைந்து, மும்பாலை ஏரியோடு முடிகிறது. நாம் கடைமடைக்காரர்கள். கல்லணையில் ஷட்டர் திறந்த செய்தி பேப்பரில் வந்து, தண்ணீர் நம்மிடம் வந்து சேர்வதற்குள் மனசே வறண்டுவிடும். ஆனால் கொல்லைத் தோட்டத்துக்குக் காவிரி வேண்டாம். அரிசி களைந்த தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் கை கழுவிய தண்ணீரும் போதும். சோப்புத் தண்ணீரை மட்டும் கீரைப் பாத்திக்கு விடாமல் வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுங்கள். இந்தத் தண்ணீரைத் தெருவில் விட்டு, கொசு வளர்த்து, அப்புறம் பஞ்சாயத்தைத் திட்டுவது நியாயமில்லை.

இனி உடம்பு. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57. நாளொன்றுக்கு 400 கிராம் காயும் பழமும் ஒரு ஆள் சாப்பிட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீட்டில் ஐந்து பேர் இருந்தால் இரண்டு கிலோ! கடையில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கி ஐந்து பேருக்குக் குழம்பு வைக்கிறோம். விலை ஏறினால் அந்த அரைக் கிலோவும் கஷ்டம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஓடியபோது ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குப் போட்டார்கள், ஞாபகம் இருக்கும்.

மீன் தின்கிற ஊருக்குக் கீரை எதற்கு என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. தப்பான பேச்சு. கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. அதோடு மீன் சேர்ந்தாலும், ஒரு மூடி எலுமிச்சை பிழிந்தாலும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டு எழுந்ததும் டீ குடித்தால் அதில் ஒரு பங்கு வீணாகும். நண்டு ரசத்தில் முருங்கைக்கீரை போட்ட பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கை சரியாகத்தான் செய்தது. மீன் நம் கையில் இருக்கிறது. முருங்கைக்கு ஒரு போத்து ஊன்றினால் போதும். இவ்வளவு வசதி இருந்தும் வீட்டில் பெண் பிள்ளைகள் சோகை பிடித்து வெளிறி நின்றால் அந்தப் பாவம் யாருடையது?

பெரிய இடத்திலிருந்தே ஒரு சாட்சி சொல்கிறேன். பக்கத்தில்தான் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகருக்குப் பெயர்போன திருப்பெருந்துறை. அங்கே மூலவராக லிங்கம் கிடையாது, உருவமில்லாத சாமி. நைவேத்தியம் என்ன தெரியுமா? புழுங்கலரிசிச் சோறு, பாகற்காய், கீரை. அதுவும் ஆவி பறக்கப் படைப்பார்கள். அந்தக் காலத்தில் ஏழை வீட்டுக் கொல்லையில் எது கிடைத்ததோ அதுவே சாமிக்கும் போனது. சாமிக்குப் படைக்கிற பாகற்காயை வேலியில் ஏற்ற நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

"எங்க மண்ணு மணலு, உப்பு வேற. ஒண்ணும் வராது" என்பவர்களுக்கு வருகிறேன். இது வெறும் சாக்கு அல்ல, உண்மை இருக்கிறது. மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, உரத்தையும் வைக்காது. அதனால் மேலே தூவிப் பயனில்லை. ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுங்கள். அடியில் தென்னை மட்டை, காய்ந்த சருகு, பழைய சாக்கு எதையாவது அமுக்குங்கள். அதன்மேல் மக்கிய சாணி எருவும் கண்மாய் வண்டலும் கலந்து நிரப்புங்கள். வண்டல் எடுக்க இப்போது வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அனுமதி தருகிறார்கள். வயலுக்கென்று வாங்கி அடிக்கிற பங்காளி இருந்தால் நாலு சட்டி கேளுங்கள், கொடுப்பார். நார்க்கழிவு கிடைத்தால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். நட்ட பிறகு செடியைச் சுற்றி மண் தெரியக் கூடாது. சருகோ வைக்கோலோ போட்டு மூடாக்கு இடுங்கள். ஆடிக்காற்றுக்கு இது இல்லாமல் ஈரம் ஒரு பொழுது நிற்காது. வெயிலில் கீழிருந்து உப்பு பூத்து மேலே வருவதும் மூடாக்கில் அடங்கும்.

எதை நடுவது என்பதில் பிடிவாதம் வேண்டாம். பீன்ஸும் கேரட்டும் நம் உப்புக்கு முகம் சுளிக்கும். கொத்தவரை தாங்கும். தண்டுக்கீரை, முருங்கை, பீட்ரூட் தாங்கும். கத்தரி ஓரளவு சமாளிக்கும். வெண்டையை வண்டல் நிரப்பிய குழியில்தான் வைக்க வேண்டும். தரை ரொம்பக் கரித்தால் முதல் வருடம் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி மண்ணில் அமுக்கிவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்தில் கடல் ஏறிய வயல்களை, இனி புல்லும் முளைக்காது என்று கைவிட்டார்கள். தக்கைப்பூண்டும் தழையும் மழையும் சேர்ந்து அந்த மண்ணில் மறுபடி நெல் வர வைத்தன. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவும் அங்கே நின்று வேலை செய்தவர். நம் மாவட்டத்திலேயே கீரனூர்ப் பக்கம் ஒடுகம்பட்டியில் கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. பொட்டல் காடாகக் கிடந்த இடம் அது. அவரோடு சேர்ந்த குடும்பம் அமைப்பினர் அதைத் தோப்பாக்கினார்கள். ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம மண்ணுக்கு வராது" என்று சொல்ல நாக்கு எழாது.

கீரை விதை தூவும்போது நாலு மடங்கு மணலில் கலந்து தூவுங்கள், இல்லையென்றால் ஒரே இடத்தில் கொட்டும். ஓரத்தில் கொஞ்சம் அரிசிக் குருணை போடுங்கள். எறும்பு அதைத் தூக்கப் போய் விதையை விட்டுவிடும். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் கைக்கு வரும். முதல் முறை தோட்டம் போடுகிறவருக்கு இந்த 25 நாள்தான் மருந்து. கத்தரியில் ஆரம்பித்தால் நாற்று, நடவு, பூ என்று மூன்று மாதம் போய்விடும், ஆசையும் போய்விடும்.

உரத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். நம் ஊரைப் போல உரம் இலவசமாய்க் கிடைக்கிற ஊர் உண்டா? ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் துறைகளிலும் நம் மீன் கடைகளிலும் குடலும் செதிலும் தலையும் குவிகின்றன. நாய் இழுக்கிறது, ஈ மொய்க்கிறது. அதே கழிவைச் சிறிதாக நறுக்கி, எடைக்கு எடை நாட்டு வெல்லம் சேர்த்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் வையுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆனால் நாற்றம் போய்ப் பழ வாசனை வரும். அதுதான் மீன் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். வாயு சேரும், அவ்வப்போது மூடியைத் திறந்து விடுங்கள். கருவாட்டுக் கழிவை மட்டும் போடாதீர்கள்; உப்பு இங்கே ஏற்கெனவே தாராளம்.

பழைய வலையும் நம்மிடம்தான் மலிவு. பாகலும் புடலையும் அவரையும் ஏற அதைவிட நல்ல பந்தல் இல்லை. ஆட்டுக்கு வேலியாகவும் கட்டலாம். ஆனால் தரையோடு விடாதீர்கள். சாரைப்பாம்பு தலையை நுழைத்துச் சிக்கி, இரண்டு நாள் துடித்துச் சாகும். அடியில் ஒரு சாண் விட்டுத் தூக்கிக் கட்டி, கீழே கருவேல முள் வையுங்கள். சாரை எலியைப் பிடிக்கிற பிராணி, அதைக் கொன்றால் உங்கள் கிழங்கை எலி தின்னும். பாம்பு பயத்துக்காகச் சிமெண்ட் போட்டவர்களுக்கும் இதையே சொல்வேன். குப்பைக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. குப்பையை எரு ஆக்குங்கள்.

பூச்சி வந்தால் பயந்து பூச்சிமருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசலும் வேப்பெண்ணெயும் கொல்லைக்குப் போதும். நீங்கள் தெளிக்கிற விஷம் முதல் மழையில் எங்கே போகும்? தெரு வாய்க்காலில் இறங்கிக் கடலுக்கு. அது சாதாரணக் கடல் அல்ல. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். நாம் ஆவுளியா என்கிறோமே, அது மேய்கிற கடல்புல் அடியில் இருக்கிறது. மீன்குஞ்சு வளர்வதும் அந்தப் புல்லுக்குள்தான். கொல்லையில் கத்தரிப் புழுவுக்கு அடிக்கிற மருந்தை, சுற்றிப் போய் நம் வலைக்கே அடிக்கிறோம்.

ஆண்களிடம் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. தோட்டம் என்றதும் "அவள் பார்த்துக்குவா" என்று எழுந்து போகாதீர்கள். அடுப்பு, துணி, பிள்ளை, மகளிர் குழுத் தவணை என்று ஏற்கெனவே இடுப்பொடிந்து நிற்கிறவள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவது தர்மமல்ல. குழி வெட்டுவதும் வேலி கட்டுவதும் தண்ணீர் சுமப்பதும் உங்கள் பங்கு. விசைப்படகுக்காரர்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். வருடத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இந்த வருடத் தடைக்காலம் போய்விட்டது, போகட்டும். கரையில் இருக்கிற நாலு நாளில் டீக்கடை பெஞ்சுக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியைக் கொல்லைக்குக் கொடுங்கள். அடுத்த தடைக்காலத்தில் நிவாரணப் பணம் கைக்கு வருவதற்கு முன்னால் முருங்கைக்காய் குழம்புக்கு வந்திருக்கும்.

எல்லாரும் கீரை போட்டால் கூடை சுமந்து வருகிற கீரைக்கார அக்கா என்ன செய்வாள் என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்வி. அவளிடம் வாங்குவதை நிறுத்தாதீர்கள். உங்களிடம் விளையாததை வாங்குங்கள், விதையையும் அவளிடமே கேட்டு வாங்குங்கள். உப்பு மண்ணில் எந்தக் கீரை எந்த மாதம் வரும் என்பது அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அரசும் கொடுக்கிறது. 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என்று ஆறு விதைகள் அடங்கிய தொகுப்பும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளும் வந்தன. தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள். பயறுக்கு வம்பன் ஆராய்ச்சி மையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வாங்கி வந்த பொட்டலம் அலமாரியில் கிடந்து முளைப்புத்திறன் போவதற்கு விதை வாங்காமலே இருக்கலாம்.

மண்ணே இல்லாதவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். மீனவத் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். உடைந்த மீன் பெட்டியிலும் ஐஸ் பெட்டியிலும் மண் நிரப்பிக் கீரையும் புதினாவும் மிளகாயும் போடலாம். ஆனால் கொல்லை இருக்கிறவருக்கு அவர்களிடம் ஒரு கடன் உண்டு. முருங்கை காய்த்தால் ஒரு மரம் பத்து வீட்டுக்குக் காய்க்கும். அழுக விட்டுப் பெருக்கித் தள்ளாமல், கேட்கும் முன்னே கொடுங்கள். குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இது. பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர். அடியார் என்று வந்தால் குலம் கேட்காமல் வணங்கி, கூட்டமாய் வந்தாலும் தனியாய் வந்தாலும் சோறு போட்டவர் என்று பெரியபுராணம் அவரைச் சொல்கிறது. அவர் பெயரை வளைவில் எழுதி வைப்பதைவிட, பக்கத்து வீட்டுக்கு ஒரு கட்டுக் கீரை கொடுப்பது அவருக்கு நெருக்கமான காரியம்.

அவசரம் என்று ஏன் கத்துகிறேன் என்றால், பசி வந்த பிறகு விதைத்தால் காலம் தப்பிவிடும். கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் 2022இல் பணம் தீர்ந்து, உணவு தட்டுப்பட்டபோது, ஜூன் மாதம் அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டில் தோட்டம் போடச் சொன்னார்கள். வயிறு காய்ந்த பிறகு வந்த உத்தரவு. நமக்கும் அந்தப் பக்கத்துக் காற்றுதான். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையேறிய பிறகு கரண்டு இல்லாமல் எத்தனை நாள் கிடந்தோம்? தென்னை வேரோடு சாய்ந்தது. முறிந்த முருங்கை மட்டும் வெட்டிய இடத்திலிருந்து சில வாரத்தில் துளிர்த்து இலை கொடுத்தது. கொல்லையில் அது இருந்த வீட்டுக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்பத்தையும் சொல்லாமல் விட்டால் இது வெறும் திட்டாகிவிடும். சென்னையில் மாடியில் பை அடுக்கி, ஒரு தக்காளி பழுத்ததற்குப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கேலி செய்யவில்லை, அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனை வாங்கி, ஓய்வு பெற்றதும் கிராமத்து வாழ்க்கை வாழ்வோம் என்று கனவு காண்கிறவர்களும் அவர்களே. நாமோ கிராமத்தில் இருந்துகொண்டு அடுக்குமாடி வாழ்க்கை வாழ்கிறோம். கதவைச் சாத்தி, ஏசி போட்டு, சீரியல். சாயங்காலம் கடல்காற்று திரும்புகிற நேரத்தில் கொல்லைக் கட்டிலில் உட்கார்ந்து பாருங்கள். வாழைப்பூவில் தேன்சிட்டு தொங்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறிச் சண்டை போடும். பேரப்பிள்ளை போனைக் கீழே வைத்துவிட்டு, இலைக்கடியில் ஒளிந்திருக்கும் வெண்டைக்காயை எண்ணும். தான் பறித்த காயைப் பிள்ளை தட்டில் ஒதுக்காது, இதை எந்த வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம்.

ஏற்கெனவே தளம் போட்டுவிட்டீர்களா? முழுவதையும் உடைக்க வேண்டாம். சுவர் ஓரமாக இரண்டடி அகலத்துக்கு மட்டும் கட்டிங் மெஷின் வைத்து எடுத்துவிடுங்கள். அரை நாள் வேலை. அந்த இரண்டடியில் முருங்கை, கறிவேப்பிலை, ஒரு வரிசை கொத்தவரை, மூலையில் பாகல். மிச்சத் தளத்தில் விழுகிற மழை அந்தப் பக்கம் வழியும்படி வாட்டம் பாருங்கள். மண்வெட்டி இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கப் போகும்போது அவர்கள் கொல்லையிலும் இரண்டு குழி வெட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.